புதுச்சேரிச் சம்பளமும் பாரிஸ் வாடகையும்

அன்புள்ள தம்பி,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பெற்றோருடன் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாதம் 65,000 ரூபாய் வாங்கும் உங்களுக்குப் பாரிஸில் 2,600 யூரோ சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றும், யூரோவை நூறு ரூபாயாகக் கொண்டால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வருவதால், மனைவியையும் நான்கு வயது மகளையும் கூடவே அழைத்து வந்தாலும் மாதம் ஒரு லட்சம் ஊருக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் முத்தியால்பேட்டைக்காரன், 2006-இல் இங்கு வந்தேன். நீங்கள் தனியாக இருக்கும் வரை ஏறக்குறைய முடியும். குடும்பம் வந்த பிறகு ஒரே சம்பளத்தில் முடியாது.

வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ‘ப்ருத்’, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. சமூகப் பாதுகாப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் ஏறத்தாழ 22 விழுக்காடு போய்விட, கைக்கு வருவது 2,000 யூரோவைச் சற்றுத் தாண்டும். தொடக்க மாதங்களில் உங்கள் குடும்ப நிலை வரி அலுவலகத்துக்குத் தெரியாது என்பதால் பொது விகிதத்தில் சிறிது வருமான வரியும் சம்பளத்திலேயே பிடிபடும். ஆகவே எந்தக் கணக்கையும் 2,000-த்திலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து, உங்கள் விசா எந்த வகை என்று பாருங்கள். சாதாரண ஊழியர் விசா என்றால், இங்கு சட்டப்படி 18 மாதம் தங்கிய பின்னரே குடும்பத்தை அழைக்க மனுச் செய்ய இயலும். உயர்திறன் ஊழியர்களுக்கான ‘தாலான்’ போன்ற சில விசா வகையினருக்கு மட்டும் குடும்பம் உடன் வரும் வசதி உண்டு, ஆனால் அதற்கான சம்பள வரம்பு உங்கள் தொகையைவிட அதிகம். மனுச் செய்யும்போது குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வருமானத்தையும் (2025-இல் அது ப்ருத் கணக்கில் மாதம் 1,801.80 யூரோ), பாரிஸ் வட்டாரத்தில் மூவருக்கு 32 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டையும் காட்ட வேண்டும். வருமானம் உங்களுக்குத் தடையாகாது, வீடுதான் தடை.

வீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வாடகையைப் போல் மூன்று மடங்கு நிகரச் சம்பளம் இருக்கிறதா என்பதே உரிமையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதன்படி உங்களுக்கு 670 யூரோ வீடுதான் கிடைக்கும், ஆனால் வடக்குப் புறநகரான சார்செல், லா கூர்நேவ் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு 900 யூரோ அளவில் போகிறது. உங்களுக்கு 29 வயது என்பதால், முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ‘விசால்’ என்ற வாடகை உத்தரவாதத்துக்கு மனுச் செய்யுங்கள். அது சம்பளத்தில் பாதி வரையிலான வாடகையை ஏற்கும். நம்மூரைப் போலப் பல மாத அட்வான்ஸ் இங்கே கேட்க முடியாது. சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

தனியாக இருக்கும்போது பகிர்ந்த வீட்டில் ஓர் அறை 500 யூரோ, சமைத்துச் சாப்பிட்டால் உணவுக்கு 250. மெத்ரோவும் புறநகர் ரயிலும் அடங்கிய நவிகோ மாதச் சீட்டு 2025-இல் 88.80 யூரோ, அதில் பாதியை முதலாளி கொடுத்தாக வேண்டும். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பேல் பகுதியில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கின்றன, ஆனால் குருசுக்குப்பம் கரையில் வாங்கும் மீனின் விலையை அங்கே தேடாதீர்கள். இப்படிப் பார்த்தால் மாதம் ஆயிரம் யூரோ மிஞ்சும்.

அந்த ஆயிரத்தையும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முத்தியால்பேட்டை வீட்டுக்கு மாடி எடுப்பதற்காக இரண்டு ஆண்டுகள் கையில் ஒன்றும் வைக்காமல் அனுப்பினேன். குடும்பத்தை அழைக்கும் நேரம் வந்தபோது முன்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் கட்டிலுக்கும் குளிர் உடைக்கும் பணம் இல்லாமல் மேலும் ஓராண்டு காத்திருந்தேன். மாடி கட்டி முடிந்திருந்தது. என் மகள் அந்த ஓராண்டும் தொலைபேசியில்தான் என்னிடம் பேசினாள். பாதியை அனுப்புங்கள், பாதியை இங்கேயே சேமியுங்கள்.

குடும்பம் வந்த பின் வாடகை, மின்சாரம், மூவருக்கான உணவு, மனைவியின் பயணச் சீட்டு எல்லாம் போக இருநூறு, முந்நூறு யூரோ மிஞ்சினால் நல்லது. ஆனால் ஊரில் செலவாகும் சில இங்கே செலவாகாது. மூன்று வயதிலிருந்து கட்டாயமான அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. பள்ளி உணவுக்குப் பல ஊர்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்தே பணம் வாங்குகிறார்கள். பொது மருத்துவரிடம் கொடுக்கும் 30 யூரோவில் 19 யூரோ சமூகப் பாதுகாப்பிலிருந்து திரும்பி வரும், மீதியில் பெரும்பகுதியை நிறுவனம் பாதிச் சந்தா கட்டும் துணைக் காப்பீடு ஏற்கும். லாஸ்பேட்டையில் மகளுக்குக் கட்டும் பள்ளிக் கட்டணத்தையும் தனியார் மருத்துவமனைப் பில்லையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், மகளைப் பாட்டி பார்த்துக்கொள்வதால் ஊரில் இல்லாத ஒரு செலவு, உங்கள் மனைவி வேலைக்குப் போகும் நாளில் இங்கே வந்துவிடும்.

அவர் வேலைக்குப் போனால்தான் நீங்கள் கேட்ட அந்த ஒரு லட்சம் மீண்டும் கணக்குக்குள் வரும், அதற்கு பிரெஞ்சு வேண்டும். காத்திருக்கும் 18 மாதத்தில் அவர் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்செஸில் சேர்ந்து படிக்கட்டும். இங்கு வந்து குழந்தையுடனும் புது வீட்டுடனும் படிப்பதைவிட அது பல மடங்கு எளிது. ஒப்பந்தத்தில் விசா வகை எழுதியுள்ள பகுதியை எனக்கு அனுப்புங்கள்; வீடு தேடத் தொடங்குமுன் அதைப் படித்துச் சொல்கிறேன்.