இரண்டு கம்பெனியும் வரி பிடிக்கவில்லை. ரிட்டர்னில் மட்டும் 85,900 ரூபாய் எப்படி வந்தது?

கேள்வி: 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 1,00,000 ரூபாய் சம்பளம். அக்டோபரில் வேறு கம்பெனிக்கு மாறி, மார்ச் வரை மாதம் 1,30,000. இரண்டு கம்பெனியும் தந்த படிவம் 16-லும் (சம்பள, வரிச் சான்று) டிடிஎஸ், அதாவது சம்பளத்தில் பிடித்த வரி, பூஜ்யம். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் 85,900 ரூபாய் கட்டச் சொல்கிறது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே? புது கம்பெனிச் சம்பளத்தை மட்டும் காட்டினால் போதுமா?

பதில்: கணக்கு சரிதான், கட்டத்தான் வேண்டும்.

முதல் கம்பெனி நீங்கள் ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பீர்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டது. 12,00,000-ல் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள கழிவு) 75,000 போக 11,25,000. புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் வருவதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். இரண்டாவது கம்பெனிக்குத் தெரிந்தது அவர்கள் கொடுத்த 7,80,000 மட்டும், அங்கேயும் பூஜ்யம். சேரும்போது படிவம் 12பி-யில் பழைய சம்பள விவரத்தைக் கொடுத்திருந்தால், மார்ச்சுக்குள் அவர்களே மாதாமாதம் பிடித்திருப்பார்கள். ஹெச்.ஆர். கேட்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்காவிட்டாலும் நாமே கொடுப்பதுதான் நல்லது.

உங்கள் மொத்தச் சம்பளம் 6,00,000 + 7,80,000 = 13,80,000. நிலைக்கழிவு போக 13,05,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5% என்றால் 20,000. 8 முதல் 12 வரை 10%, அது 40,000. மீதி 1,05,000-க்கு 15%, அது 15,750. ஆக 75,750. செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) 4% சேர்த்தால் 78,780. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி முழுதாகப் போய்விடும். 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி ஒரு சலுகை உண்டு. 1,05,000 தாண்டிய உங்களுக்கு அது உதவாது.

மீதி சுமார் 7,100 ரூபாய் வட்டி. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி நின்றால் அதை ஆண்டுக்குள்ளேயே முன்கூட்டிய வரியாகக் கட்டியிருக்க வேண்டும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவில் ஏறக்குறைய 4,000. ஏப்ரலிலிருந்து மாதம் 1% என்று 234பி பிரிவில் ஜூலை வரை 3,148. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம்தான். ஜூலை 31-ல் கட்டுவதற்கும் ஆகஸ்ட் 1-ல் கட்டுவதற்கும் வித்தியாசம் 787 ரூபாய். கெடு தாண்டினால் அதற்கென்று தனி வட்டியும் 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் வேறு. அதனால் பணத்தை முதலில் கட்டிவிடுங்கள், ரிட்டர்னைக் கெடுவுக்குள் நிதானமாகப் பூர்த்தி செய்யலாம்.

ஒரு கம்பெனியை மறைக்கும் யோசனை வேண்டாம். கம்பெனி தாக்கல் செய்யும் சம்பள விவரம் உங்கள் பான் எண்ணோடு துறைக்குப் போகிறது. வருமானத்தை மறைத்தது என்று முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல இரு மடங்கு வரை.

மறைக்காமலேயே தப்பாகப் போகிற இடம் ஒன்று உண்டு, அதுதான் அடிக்கடி நடக்கிறது. படிவம் 16-ன் பகுதி பி-யில் ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு 75,000 கழித்திருக்கும். கழித்த பிறகு வரும் 5,25,000-ஐயும் 7,05,000-ஐயும் கூட்டி 12,30,000 என்று போட்டால், ரிட்டர்ன் மறுபடி ஒரு 75,000 கழித்து 11,55,000 என்று காட்டும், வரி பூஜ்யம்! சந்தோஷப்பட்டுத் தாக்கல் செய்தால் பின்னாலேயே நோட்டீஸ் வரும். எடுக்க வேண்டியது 17(1) பிரிவு என்று போட்ட இடத்தில் இருக்கும் மொத்தச் சம்பளத்தை. நிலைக்கழிவு ஆண்டுக்கு ஒன்றுதான், எத்தனை கம்பெனி மாறினாலும்.

பழைய முறைக்கு மாறினால் குறையுமா? நிலைக்கழிவு 50,000 போக, வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி, 80சி (பி.எஃப்., எல்.ஐ.சி. போன்ற சேமிப்பு) எல்லாம் சேர்த்து 5,13,750-க்கு மேல் கழிவு இருந்தால்தான் லாபம். சென்னை வாடகையும் கடனும் சேர்ந்தவர்களுக்கு எட்டலாம், பி.எஃப்., எல்.ஐ.சி. மட்டும் இருந்தால் எட்டாது. கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

பணம் கட்ட, வருமான வரித் தளத்தில் 'இ-பே டாக்ஸ்' போய், சுயமதிப்பீட்டு வரி (300) தேர்ந்தெடுங்கள். 100 என்பது முன்கூட்டிய வரி, அது வேண்டாம். ஆண்டில் இந்த முறை கூடுதல் கவனம் தேவை. 2025-26 சம்பளத்துக்கு உரியது 'மதிப்பீட்டு ஆண்டு 2026-27'. புதிய வருமான வரிச் சட்டத்தின் 'வரி ஆண்டு 2026-27' என்பது இப்போது ஓடுகிற ஆண்டு. எண் ஒன்றே என்பதால் கை தவறும். தவறினால் பணம் கட்டியும் பாக்கி என்றே காட்டும். சலானில் உள்ள பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண் மூன்றும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

கட்டும் முன் ஏஐஎஸ் அறிக்கையை (உங்கள் வருமானம் பற்றித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல்) திறந்து வங்கி வட்டியைச் சேருங்கள். 10,000 ரூபாய் வட்டிக்கு உங்களுக்கு 1,560 ரூபாய் வரி கூடும். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். ஓராண்டுக்குள் பங்கு விற்ற லாபம் இருந்தால் ஐடிஆர்-2. தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற வழியில் சரிபார்க்க வேண்டும். தாமதித்தால் சரிபார்த்த தேதியே தாக்கல் தேதியாகும், சரிபார்க்காமலே விட்டால் போட்டது செல்லாது.

வேலை மாறியபோது பழைய பி.எஃப். பணத்தை எடுத்திருந்தால், மொத்தச் சேவை 5 ஆண்டுக்குக் குறைவு என்ற நிலையில் அதற்கும் வரி உண்டு. இன்னும் எடுக்கவில்லை என்றால் புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பழைய சேவைக்காலம் அப்படியே தொடரும்.