மூன்றாவது பைக்கும் முடியாத லீசிங்கும்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): வணக்கம் ஐயா. எனக்கு 36 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். கழிவுகள் போகக் கைக்கு வருவது 84,000 ரூபா. இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டரை ஏக்கர் வயல் உண்டு. மனைவி வீட்டில் தையல். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2019 இல் பழைய ஹொண்டா பாஜா 250 ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். கிரவல் வீதிக்கும் வாய்க்கால் கரைக்கும் அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் சீற் உயரம், மனைவியால் ஏற முடியவில்லை, பாட்ஸுக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2021 கடைசியில் அதை விற்று ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 எடுத்தேன். இருந்து ஓட வசதி, முதுகு நோகாது, டாங்கி 15 லீற்றர், பின்னால் ஒரு மூடை கட்டலாம். பிடிக்காதது பாரம். சேற்றில் சரிந்தால் தனியே தூக்க முடியாது. ஏ9 வீதியில் பஸ்ஸை முந்துவதற்கு இழுவை போதாது. கோன் செற்றும் (ஹாண்டில் திரும்பும் இடத்துப் பெயரிங்) ஆடத் தொடங்கிவிட்டது. இப்போது புதிய ஹிமாலயன் 450 மேல் மனம் போகிறது. சுவிஸில் இருக்கும் மச்சான் (மனைவியின் அண்ணன்) ஒவ்வொரு ஆவணியும் வந்து என்னோடு ஓடுவார். "பெரியதை எடு, 5 இலட்சம் நான் போடுறன்" என்கிறார்.

விசாரித்த விலை 24 இலட்சம். என்னுடையதை 9½ இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். லீசிங்கில் இன்னும் 38 தவணை, மாதம் 19,300. முடிப்பதென்றால் 5¼ இலட்சமாம். மிச்சத்துக்குப் புது லீசிங் போடலாமா? முதல் பைக்கில் எனக்கு ஒன்றரை இலட்சம் இலாபம் வந்தது. ஆனாலும் மாதக் கடைசியில் கை வெறுமையாகத்தான் இருக்கிறது. ஏன் என்று விளங்கவில்லை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பைக்கின் குணமும் குற்றமும். கடன் கடைசியில் நாலு வரி. பைக்கைப் பற்றி நீங்கள் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. 1980 இல் பி.எம்.டபிள்யூ அந்த 800 சிசி ஆர்80 ஜி/எஸ்ஸை இறக்கிய நாளிலிருந்து நல்ல வீதிக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான இந்த வகை பைக் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் சொல்வது ஏறக்குறைய இதுதான். நிமிர்ந்து இருக்கலாம், பள்ளம் தெரியாது, சாமான் ஏற்றலாம். ஆனால் உயரம், பாரம், விலை. பிடித்ததும் பிடிக்காததும் ஒரே காரணத்தால் வருகிறவை. நீண்ட சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் சீற் உயரத்தான் செய்யும். பெரிய டாங்கியும் பலமான சட்டகமும் வேண்டுமென்றால் பாரம் வரத்தான் செய்யும்.

ஆகவே எது நல்ல பைக் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. கையில் ஏன் காசு இல்லை என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

2019 இல் லீசிங் 4 இலட்சம், 48 மாதம், மாதம் சுமார் 13,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு வட்டி 24 வீதம் அளவில் வருகிறது. 26 தவணை கட்டினீர்கள், மொத்தம் 3 இலட்சத்து 40 ஆயிரம். ஆனால் முதலில், அதாவது வாங்கிய கடன் தொகையில், கழிந்தது 1 இலட்சத்து 70 ஆயிரம்தான். மற்றப் பாதி வட்டி. லீசிங்கின் முதல் பாதிக் காலத்தில் வட்டிதான் அதிகம் போகும், முதல் குறைவது பின்பாதியில். நீங்கள் அந்தப் பின்பாதியில் கால் வைத்ததுமே இறங்கிவிட்டீர்கள்.

அடுத்தது ஹிமாலயனுக்கு 6 இலட்சம், 60 மாதம், மாதம் 15,900. இரண்டு வருடம் கட்டினீர்கள், 3 இலட்சத்து 80 ஆயிரம். அதில் வட்டி 2 இலட்சத்துக்கு மேல். பிறகு 2023 கடைசியில் "டொப் அப்" என்று கம்பனியே தொலைபேசி எடுத்துச் சொல்ல, பழையதை மூடி 7 இலட்சத்துக்குப் புதிதாகப் போட்டு, கைக்கு வந்த 2 இலட்சத்து 70 ஆயிரத்தில் சைட் பொக்ஸும் லைட்டும் பூட்டி, வீட்டுக்குக் கூரையும் மாற்றினீர்கள். கூரைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது லீசிங்குக்கு இதுவரை 22 தவணை, 4¼ இலட்சம். வட்டி மட்டும் 2½ இலட்சம் அளவில்.

மூன்றையும் கூட்டுங்கள். கட்டியது கிட்டத்தட்ட 11½ இலட்சம், அதில் வட்டி 6¼ இலட்சம். 2019 இல் உங்கள் கடன் 4 இலட்சம், இன்று 5¼ இலட்சம்.

பைக்கில் ஒன்று பிடிக்காமல் போனதும் ஓடிக்கொண்டிருக்கும் லீசிங்கை இன்னொரு லீசிங்கால் மூடுகிறீர்கள். காசு போகிற இடம் இதுதான். ஒவ்வொரு முறையும் வட்டி கூடிய தொடக்கத் தவணைகளைக் கட்டிவிட்டு, முதல் வேகமாகக் குறையப்போகும் இடத்தில் திரும்பவும் தொடக்கத்துக்குப் போய் நிற்கிறீர்கள். வரம்பு உடைந்திருக்க வயலுக்குத் தண்ணீர் கட்டுவது போன்றது இது. பாரம், இழுவை, கோன் செற் எல்லாம் பேசலாம். ஆனால் 450 எடுத்தாலும் இரண்டு வருடத்தில் அதில் பிடிக்காதது ஒன்று கட்டாயம் வரும்.

அந்த ஒன்றரை இலட்சம் இலாபத்தையும் பார்த்துவிடுவோம். 6½ இலட்சத்துக்கு வாங்கி 8 இலட்சத்துக்கு விற்றீர்கள். இடையில் கட்டிய வட்டியே 1 இலட்சத்து 70 ஆயிரம். அப்படியானால் இலாபம் எங்கே? 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் நாட்டில் இருந்த பழைய இரும்புக்கெல்லாம் விலை ஏறிய காலம் அது. நீங்கள் விற்றதற்கு விலை ஏறியது போலவே வாங்கியதற்கும் ஏறியிருந்தது. 2025 தொடக்கத்தில் இறக்குமதி திறந்துவிட்டது. வாங்கி ஓடிவிட்டு வாங்கிய விலைக்கே விற்கலாம் என்ற எண்ணத்தை இனி விடுங்கள். வாகனம் ஒரு முதலீடு என்று யாராவது சொன்னால், அவர் வாகனம் விற்கிறவரா என்று முதலில் கேளுங்கள்.

சரி, புதியதின் கணக்கு. 9½ இல் 5¼ போக, முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் கழிந்து கையில் 4 இலட்சம் நிற்கும். மச்சானின் 5. மிச்சம் 15 இலட்சம் லீசிங். 18 வீதம், 60 மாதம் என்று வைத்தால் மாதம் 38,000. இப்போது கட்டுவதைப் போல இரண்டு மடங்கு. வேலைக்கு நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். லீற்றருக்கு 30 கிலோமீற்றரும், பெற்றோல் லீற்றர் 300 ரூபாவும் என்று வைத்தால் அதற்கும் மாதம் 10,000. சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட 36,000 மிஞ்சும்.

லீசிங் கம்பனிப் பிள்ளை இதற்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார், "ஸ்டெப் அப்". முதல் இரண்டு வருடம் 28,000 மட்டும் கட்டினால் போதுமாம். மூன்றாம் வருடத்திலிருந்து எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். அதே வட்டியில் நான் போட்டுப் பார்த்தேன், 48,000 ஐத் தாண்டுகிறது. மூத்தவர் சாதாரண தரம் எழுதப்போகும் வருடம் அது. இப்படியான புதுப் பெயர்கள் எதைக் கேட்டாலும் கடைசித் தவணை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுவார்கள்.

வயலில் வருவதை வைத்துக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கால போகத்துக்கு மனைவியின் நகையை அடைவு வைத்து, அறுவடைக்குப் பிறகு மீட்கிறீர்கள். அது கமக்காரன் காலம் காலமாகச் செய்கிற கணக்கு, மீட்கிற வரைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்து வெள்ளம் பாய்ந்ததை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளம் வந்த மாதமும் லீசிங்காரர் வருவார். அப்போது அடைவில் இருக்கிற நகை அடைவிலேயே இருக்கும்.

பைக்கை வாடகைக்கு விடுவது, யூடியூப்பில் வன்னிப் பயணம் போடுவது என்று இரண்டு யோசனையும் எழுதியிருந்தீர்கள். லீசிங்கில் இருக்கும் வாகனத்தை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தத்தையே மீறுகிறீர்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியும் விபத்து நேரத்தில் கை கொடுக்காது. யூடியூப்பை ஆசைக்குச் செய்யுங்கள், தவணைக்கு நம்பாதீர்கள்.

இனி மச்சான். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் அவர் ஓடுவது ஆவணியில் மூன்று கிழமை, நீங்கள் கட்டப்போவது ஐந்து வருடம். சொன்ன 5 இலட்சம் வராவிட்டால் முழுவதையும் லீசிங்கில் போடலாம் என்றும் இல்லை. வாகனப் பெறுமதியில் எவ்வளவுக்குக் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது. முற்பணம் கட்டிய பிறகு அந்த ஓட்டையை அடைக்க உங்களிடம் இருப்பது மனைவியின் நகை மட்டும். அதனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள், அல்லது அவர் தங்கையான உங்கள் மனைவி கேட்கட்டும்: "அந்த 5 இலட்சத்தை இப்பவே அனுப்பினால் இருக்கிற லீசிங்கை முடித்துவிடுவோம், ஆவணியில் வந்து இதிலேயே ஓடுங்கள்." 5¼ இலட்சக் கடனில் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். மாதம் 19,300 வீட்டில் நிற்கும். புதுப் பைக்குக்குக் கொடுக்கத் தயாராக இருப்பவர் இதற்கும் கொடுப்பார். இதற்குக் கொடுக்காவிட்டால் அதற்கும் வந்திருக்காது. பெரிய பைக்தான் வேண்டும் என்றால் நீர்கொழும்புப் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம். அவரிடம் பிராங்க் இருக்கிறது.

இன்னொன்றையும் பார்த்தேன். நீங்கள் வெறுக்கும் பாரம் புதியதில் குறையவில்லை. 450 எண்ணெயும் பெற்றோலுமாக 196 கிலோ. உங்களுடையதும் 190 க்கு மேல், 200 க்குள். சேற்றில் சரிந்தால் அதையும் இரண்டு பேர்தான் தூக்கவேண்டும். சீற் 411 இல் 800 மில்லிமீற்றர், 450 இல் தாழ்த்தி வைத்தாலும் 825. பாஜாவை விற்றதற்கு நீங்கள் சொன்ன முதல் காரணமே சீற் உயரம்! டாங்கி 2 லீற்றர் கூட. உண்மையில் கூடுவது இழுவை, 24 குதிரைவலு 40 ஆகிறது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு 80 கிலோமீற்றர் வராது. அதில் மிஞ்சப்போவது சில நிமிடம்.

டாங்கி என்றதும் ஒரு நினைவு. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் அடித்த நாட்களில் உங்கள் 15 லீற்றர் டாங்கி என்ன செய்துகொண்டிருந்தது?

கணக்கை மட்டும் கேட்டால் நான் சொல்வது, ஹிமாலயனை விற்று, கையில் நிற்கும் 4 இலட்சத்துக்குள் பழைய 100 சிசி ஒன்றைக் காசு கொடுத்து எடுங்கள் என்பதுதான். லீசிங்கும் பாதிப் பெற்றோலும் சேர்ந்து மாதம் 24,000 மிஞ்சும். ஆனால் கடிதத்தைப் படித்த அளவில், நீங்கள் ஆறு மாதம் அதில் ஓடிவிட்டு மறுபடியும் லீசிங் கம்பனி வாசலில் நிற்கிற ஆள். ஆகவே உங்களுக்கு என் பதில் வேறு. ஹிமாலயனை வைத்திருங்கள். சைட் பொக்ஸைக் கழற்றுங்கள், நாளாந்தம் அலுவலகம் போக அது எதற்கு? கழற்றினால் பாரமும் குறையும், மனைவிக்கு ஒருபக்கமாக இருக்கவும் இடம் வரும். கோன் செற் மாற்றுவது கராஜில் ஒரு நாள் வேலை. ரியூப் ரயர் என்று குறைப்பட்டிருந்தீர்கள். உடை முள் குத்தினால் தருமபுரத்திலும் ஒட்டலாம், மாங்குளத்திலும் ஒட்டலாம். அது இந்த மண்ணில் வசதி.

38 தவணையும் போனால் 7 இலட்சத்து 33 ஆயிரம். மச்சானின் காசு வந்தால் அது வேண்டியதில்லை. வராவிட்டாலும், நகையை மீட்ட பிறகு அறுவடைக் காசில் எது மிஞ்சினாலும் இதற்குள் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பகுதியாகக் கட்டினால் முதலில் கழிக்கிறார்களா, அல்லது வரப்போகும் தவணைக்கு முற்பணமாக வைத்துக்கொள்கிறார்களா? இரண்டாவது என்றால் வட்டி ஒரு சதமும் குறையாது. அப்படியென்றால் அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் சேர்த்து, முடிக்கும் அளவு வந்ததும் ஒரேயடியாக முடியுங்கள்.

வருகிற திங்கட்கிழமையே கம்பனிக்குப் போய், இன்றைய திகதியில் லீசிங்கை முடிக்க எவ்வளவு என்று கடிதம் கேளுங்கள். வாயால் சொல்கிற 5¼ இலட்சம் போதாது. மிச்ச முதல் எவ்வளவு, தள்ளுபடி செய்யும் வட்டி எவ்வளவு, முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கவேண்டும். முடித்த பிறகு பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருக்கும் கம்பனியின் பெயரை நீக்கும் பத்திரங்களையும் வாங்கிவிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் படம் எடுத்து மச்சானுக்கு வட்ஸ்அப்பில் போடுங்கள், விலை விசாரித்த பைக்கின் படத்தைப் போட்டது போலவே.