எந்த ஔவை? கேள்வி பதில்

ஒரே பெயரில் வாழ்ந்த பழம்புலவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஔவையைப் பற்றித்தான். இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: பாட்டைக் காட்டிக் கேட்பவர்கள் எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்று சேர்த்துச் சொல்லவும். "ஔவையார் அன்றே சொன்னார்" என்று மொட்டையாக வருவதை நான் படிப்பதில்லை.

மீனாட்சி: ஐயா, ஔவையார் மொத்தம் எத்தனை பேர்?

மூன்று என்பாரும் உண்டு, ஆறு என்பாரும் உண்டு. நான் தலையை எண்ணுவதில்லை, நூலை அடுக்குவேன். அடுக்கினால் மூன்று கட்டுகள் தெளிவாக விழும்.

முதல் கட்டு சங்கப் பாடல்கள். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4, ஆக 59. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் இவர்தான். இரண்டாவது கட்டு ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி என்று பள்ளிப் பிள்ளைகள் வாயில் வாழும் நீதி நூல்கள். மூன்றாவது விநாயகர் அகவலும் ஔவை குறளும். அகவலில் மூலாதாரம், இடை, பிங்கலை என்று யோகப் பேச்சாக வரும். புறநானூற்று ஔவையிடம் போய் இடைபிங்கலை என்றால் எந்த ஊர் என்று கேட்டிருப்பார்.

இவை போகத் தனிப்பாடல்கள். கம்பரோடு சண்டை, கூழுக்குப் பாட்டு எல்லாம் அந்தக் கூடையில். அதில் யார் போட்டது எது என்று பிரிப்பது கடினம்.

சேலம் வாசகர்: எல்லோருக்கும் எப்படி ஒரே பெயர் அமைந்தது?

நல்ல கேள்வி. 'அவ்வை' முதலில் பெயரே இல்லை, உறவுச்சொல். தாய், மூத்தவள் என்று பொருள். சிலப்பதிகாரம் வாழ்த்துக் காதையில் "அவ்வை உயிர்வீவும் கேட்டாயோ தோழீ" என்று வருகிறது. அங்கே இறந்தது புலவர் இல்லை, அம்மா. தெலுங்கில் இன்றைக்கும் பாட்டியை அவ்வா என்கிறார்கள். அறிவுள்ள மூதாட்டி யார் பாடினாலும் ஊர் அவளை ஔவை என்றுதான் கூப்பிட்டிருக்கும்.

ஆனால் சங்க ஔவை பாட்டியாகத் தெரியவில்லை. புறம் 89ஐ எடுத்துப் பாருங்கள். பகை வேந்தன் அவரை "மடவரல் உண்கண் வாணுதல் விறலி" என்று விளிக்கிறான். மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உள்ள பெண்! குறுந்தொகை 28இல் "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று காதல் நோயில் ஊரையே எழுப்பப் பார்க்கும் தலைவியும் இவர் படைப்புதான். நரைத்த தலை, ஊன்றுகோல், திருநீறு எல்லாம் பின்னால் வந்து ஏறியவை. 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த பிறகு, எல்லா ஔவையும் நம் மனத்தில் அவர் முகத்தோடுதான் வருகிறார்கள். அந்தக் குரலின் மேல் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் படத்தை வைத்துக் காலம் கணிக்காதீர்கள்.

பாலு: ஔவையா, அவ்வையா? எது சரி?

இரண்டும். 'அவ்' என்பது 'ஔ' போலவே ஒலிக்கும். நன்னூலில் போலி படித்தால் போதும்.

நெல்லிக்கனி (புனைபெயர் என்று நம்புகிறேன்): பல ஔவை என்பதே வீண் குழப்பம். அதியமான் கொடுத்த கனியைத் தின்று அவர் பல நூற்றாண்டு வாழ்ந்தார். நிபந்தனைப்படி எண்ணும் தருகிறேன்: புறம் 91, "சாதல் நீங்க எமக்கீத்தனையே". ஔவையே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

எண்ணோடு வந்ததற்கு நன்றி. ஆனால் பாட்டை முழுதாகப் படிக்கவில்லை. அதே பாட்டில் நாலு வரி முன்னால் அதியமானை, நீலமணி மிடற்று ஒருவன் போல "மன்னுக பெரும நீயே" என்று வாழ்த்துகிறார். சிவனைப் போல நிலைத்திரு என்று அர்த்தம். நிலைத்திருந்தானா? புறம் 235 படியுங்கள். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்கும் கையறுநிலை, அதாவது இறந்தவனை நினைத்துப் புலம்பும் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்று நினைத்து நினைத்து அழுகிறார். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் மண்டை என்னும் உண்கலத்தையும் துளைத்தது, இரப்பவர் கையையும் துளைத்தது என்கிறார். வாழ்த்தில் சொன்னது அவனுக்கே பலிக்கவில்லை. 'சாதல் நீங்க' மட்டும் எப்படிப் பத்திரப் பதிவு ஆகும்?

அதே நெல்லிக்கனி: அவன் கனியைத் தின்னவில்லை, அதனால் செத்தான். இவர் தின்றார், பிழைத்தார். கணக்குச் சரியாகத்தானே வருகிறது?

சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். சரி, நல்வழிக்கு வாருங்கள். 40ஆம் வெண்பாவில் தேவர் குறள், மூவர் தமிழ், கோவை, திருவாசகம், திருமூலர் சொல் எல்லாம் ஒரு வாசகம் என்கிறார். மூவர் தேவாரம் 7, 8ஆம் நூற்றாண்டு. திருவாசகம் அதற்கும் பிற்பட்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. அதியமானுக்கோ ஜம்பைக் கல்வெட்டு இருக்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கம், 1981இல் கண்டெடுத்தது: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". அஞ்சி கொடுத்த குகை உறைவிடம் என்று பொருள். எழுத்து தமிழ்ப் பிராமி, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எண்ணூறு வருடத்துக்கு மேல். இத்தனை காலம் ஒருத்தி உயிரோடிருந்து, ஆசிரியப்பாவை விட்டு வெண்பாவுக்கு வந்து, பேச்சு நடையையும் அடியோடு மாற்றிக்கொண்டாள் என்பதைவிட, இரண்டு பேர் என்பது எளிதில்லையா?

அதியமான்கோட்டை வாசகர்: குறுக்கிடுகிறேன் ஐயா. எங்கள் பக்கத்தில் சோழர் காலத்திலும் அதியமான் இருந்தானே? அவனிடம் ஒரு ஔவை இருந்திருக்கலாமே?

இதுதான் கேள்வி! நெல்லிக்கனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இது.

ஆமாம், அதியமான் என்பதும் ஒரு ஆளின் பெயர் இல்லை, குடிப்பெயர். அசோகன் கல்வெட்டுகளில் வரும் 'ஸதியபுத' இவர்களைத்தான் குறிக்கிறது என்பதற்கு ஜம்பைதான் சாட்சி. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரில் விடுகாதழகிய பெருமாள் என்றொரு சிற்றரசன். போளூர் அருகே திருமலையில், முன்னோன் எழினி வைத்த இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வ உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு வெட்டியிருக்கிறான். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தக் குடியின் நினைப்பு அங்கே மங்கவில்லை.

அவன் அவையில் ஒரு மூதாட்டி பாடியிருக்கலாம். அவரை ஔவை என்றும் அழைத்திருக்கலாம். ஆனால் பாட்டு வேண்டும். நெல்லிக்கனிப் பாட்டில் 'அஞ்சி' என்று பெயர் இருக்கிறது. அது பழைய அஞ்சிதான். உங்கள் அதியமானுக்கு ஒரு பாட்டைக் காட்டினால் தகடூருக்கே வந்து கும்பிடுகிறேன்.

நெல்லிக்கனி: அப்போது என் கட்சியும் முழுக்கத் தோற்கவில்லை.

முழுக்கத் தோற்றது.

ராஜி: கபிலர், பரணர், நக்கீரர் எல்லாம் ஒருவர்தானா?

இல்லை. பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் மூவரும் இருக்கிறார்கள். அந்தாதி பாடும் இவர்கள் பாரியின் தோழரான சங்கக் கபிலர் காலத்தவர் அல்லர். மொழியே காட்டிக்கொடுத்துவிடும். இன்னா நாற்பது பாடிய கபிலர் வேறு. ஔவை, வள்ளுவர், அதியமான் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்ற கதையைச் சொல்லும் கபிலரகவல் இன்னும் பிந்தியது.

பழைய தொகுப்பாளர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்தே இருந்தது. அதனால்தான் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று அப்பா பெயரைச் சேர்த்தார்கள். சாத்தன்கள் கூட்டத்தில் 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்று ஊரும் தொழிலும் சேர்த்தார்கள். 'தொல்கபிலர்' என்றொருவரைப் பிரித்து வைத்தார்கள். 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்று பாடிய திணையைச் சேர்த்தார்கள். பெயரே கிடைக்காதவருக்குப் பாட்டிலிருந்தே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று சூட்டினார்கள். ஔவைக்கு அடைமொழி தரவில்லை. அவர்கள் காலத்தில் அவர் ஒருவர்தான் போலும்.

குமார்: 'சுட்ட பழம்' கேட்டது எந்த ஔவை?

தனிப்பாடல் கூடை. "காரெருமை மேய்க்கின்ற காளைக்கு நான்தோற்றது" என்ற வெண்பாவைச் சுற்றி வளர்ந்த கதை. சங்கப் பாட்டில் தேடாதீர்கள்.

ஒரு வாசகர்: மகளுக்கு ஔவை என்று வைத்தால் எண் கணிதப்படி…

என் துறை இல்லை. பெயர் அழகானது.

சுதா: ஔவையார் எத்தனை வயது வாழ்ந்தார்?

எந்த ஔவை?

வேலு: ஔவையாருக்கு எத்தனை வயது இருக்கும்?

மேலே பாருங்கள்.

முருகேசன்: 'எட்டேகால் லட்சணமே' பாட்டைக் கொஞ்சம் விளக்குங்கள்.

தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ' வடிவம், காலுக்கு 'வ' வடிவம். சேர்த்தால் அவலட்சணமே! கம்பரைத் திட்டியதாகக் கதை. திட்டியவர் யாராக இருந்தாலும் கணக்கில் கெட்டிக்காரி.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: நாளை தேர்வு. ஔவையார் குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண். என்ன எழுத?

பாடநூலில் இருப்பதை எழுது, மதிப்பெண் அங்கேதான். கேட்டது புறநானூற்றுப் பாட்டு என்றால் 59 பாடல்களையும் அதியமானையும் எழுது, ஆத்திசூடியைச் சேர்க்காதே. ஆத்திசூடி கேட்டால் நெல்லிக்கனியைச் சேர்க்காதே. இப்போது போய்த் தூங்கு.