லண்டனில் ஈரான் வரலாறு: எந்தக் காலம், எந்த மொழி?

தம்பி, முதுகலைக்கு லண்டன் வந்திருக்கிறீர்கள். அடுத்து ஈரான் வரலாற்றில் ஆய்வு செய்ய ஆசை, பண்டைய பாரசீகப் பேரரசர் தாரியஸின் காலம் பிடிக்கும், மாலைநேரப் பாரசீக வகுப்பு ஆறு மாதம் போதுமா, யாருக்கு எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாரியஸுக்கு அந்த வகுப்பு உதவாது. அவர் மலைப்பாறையில் வெட்டவைத்த பெஹிஸ்தூன் கல்வெட்டு பழைய பாரசீகம், ஈலாமியம், பாபிலோனியம் என மூன்று மொழிகளில், ஆப்பெழுத்தில் இருக்கிறது. அவருடைய தலைநகரான பெர்செபோலிஸில் 1933-34இல் தோண்டியெடுத்த களிமண் பலகைகள் யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு மது என்ற அரண்மனைக் கணக்கு, பெரும்பாலும் ஈலாமியம். ரிச்சர்ட் ஹாலக் 1969இல் பதிப்பித்தவை மட்டுமே 2,087. அந்தப் பேரரசைப் பற்றிய பியர் பிரியானின் பெருநூல் 1996இல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கிலத்துக்கு 2002இல்தான் வந்து சேர்ந்தது. ஆக, பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

இஸ்லாமுக்கு முந்தைய கடைசி அரசவம்சமான சாசானியர் காலம் இதைவிட லேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்கால மொழியான பஹ்லவியின் நூல் எழுத்தில் ந, வ, ர மூன்றுக்கும் ஒரே கோடுதான். அரமேயத்தில் ‘மல்கா’ என்று எழுதிவிட்டு ‘ஷா’ என்று வாசிப்பார்கள்.

உங்கள் நிலையில் சஃபாவியர் (16-18ஆம் நூற்றாண்டு) அல்லது காஜார் (18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1925 வரை) அரசவம்சக் காலம்தான் சரிப்படும். ஆவணம் லண்டனிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பாரசீக வளைகுடாப் பண்டகசாலைத் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில். தெஹ்ரான் பிரிட்டிஷ் தூதரகக் கடிதங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், வெளியுறவு அலுவலகத்தின் எஃப்.ஓ. 60, எஃப்.ஓ. 248 வரிசைகளில். பிரிட்டிஷ் நூலகத் தாள்களில் ஒரு பகுதியைக் கத்தார் மின்னூலகத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஈரானுக்குப் போனால்தான் முடியும் என்கிற தலைப்பை மட்டும் எடுக்காதீர்கள். விசா கிடைக்காவிட்டால் ஆய்வே நின்றுவிடும்.

ஆனால் ஆங்கிலத் தாள்களை மட்டும் படித்தால் கம்பெனிக்காரன் பார்த்த ஈரான்தான் கிடைக்கும். அதற்குத்தான் பாரசீகம். 32 எழுத்துகளும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். மாலை வகுப்பில் சொல்லித்தருவது தெஹ்ரான் பேச்சு வழக்கு. 17ஆம் நூற்றாண்டு உரைநடை வேறு, பாதி அரபுச் சொல். ஒரு வருடம் எழுத்து வழக்கு இலக்கணம், அடுத்த வருடம் ஷா அப்பாஸ் காலத்து வரலாற்றாசிரியர் இஸ்கந்தர் பேக் முன்ஷியை ரோஜர் சேவரியின் மொழிபெயர்ப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு நூல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ‘ஷிகஸ்தா’ கையெழுத்து: புள்ளிகள் விட்டுப்போயிருக்கும், சேரக் கூடாத எழுத்துகள் சேர்ந்திருக்கும். வரவுசெலவு ஏடுகளில் வரும் ‘சியாக்’ எண்களுக்குத் தனிப்பயிற்சி வேண்டும். பாரசீகம் நன்றாகத் தெரிந்தவர்களே அங்கே திணறுவார்கள்.

தேடும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். அரபு விசைப்பலகையின் ‘யே’, ‘காஃப்’ கணினிக்கு வேறு எழுத்துகள். பல தளங்களில் புத்தகம் இருந்தும் இல்லை என்று காட்டும். பாரசீக விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது ஆண்டு. கி.பி. ஆண்டு வேண்டுமானால் ஈரானிய சூரிய ஆண்டோடு 621 கூட்டுங்கள், ஜனவரி முதல் மார்ச் 20 வாக்கில் வரும் புத்தாண்டுவரை 622. புத்தகத்தில் 2535 என்றிருந்தால் பதற வேண்டாம். கடைசி ஷா கொண்டுவந்த ஆண்டுக்கணக்கு அது, 1180 கழித்தால் 1355, அதாவது 1976.

கியூவில் வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றோடு முகவரிச் சான்றும் கேட்பார்கள். அறையைப் பகிர்ந்து தங்குபவர்கள் பெயரில் ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ இருக்காது, அதனால் வங்கிக் கணக்கை அந்த முகவரியில் முதலிலேயே தொடங்கிவிடுங்கள். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்திலும் பாரசீகம் உண்டு. சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாரசீகச் சுவடிகள் இருக்கின்றன, ஆற்காடு நவாபுகளின் வரலாறே அந்த மொழியில் எழுதப்பட்டதுதான். விண்ணப்பத்தில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

யாருக்கு எழுதுவது? எஹ்சான் யார்ஷாதர் தொடங்கிய ஈரானிகா கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். உங்கள் தலைப்புக் கட்டுரைகளை எழுதியவர்களைக் குறித்துக்கொண்டு, இன்னும் பணியில் இருக்கிறார்களா, மாணவர் எடுக்கிறார்களா என்று பல்கலைக்கழகப் பக்கத்தில் பாருங்கள். பழைய கட்டுரைகளை எழுதியவர்கள் பலர் காலமாகிவிட்டார்கள். மடல் இரண்டு பத்தி போதும்: எந்த ஆவண வரிசை, அதில் என்ன கேள்வி, மொழி எந்த அளவில் இருக்கிறது. ‘ஈரான் வரலாற்றில் ஆர்வம்’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது.