வாசகர் கேள்வி: அச்சடித்த ஜெபத்தில் உயிர் இருக்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகள் காலத்தில் எழும்பிய ஊர். ஆனாலும் நம்மை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) சபையார் என்று சொன்னால், 'அது 1947-இல் முடிந்துபோன கதை' என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், மெஞ்ஞானபுரம்

பதில்: முடிந்தது பெயர் மட்டுமே. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்ட் சபையாரும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்பே கூடி அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் தத்தம் பழைய பெயர்களை விட்டுக்கொடுத்து ஒன்றானார்கள். இந்த ஐக்கியத்துக்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பிஷப்). 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அவர், ஐக்கியத்தைக் கண்ணால் காணாமலே 1945-இல் மறைந்தார். அத்தியட்சரால் அபிஷேகம் பெறாத மற்ற சபைப் போதகர்களும் மறு அபிஷேகமின்றி ஏற்கப்பட்டதால், இங்கிலாந்தில் ஒரு சாரார் நம்மை நெடுங்காலம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இன்றோ நம் திருச்சபை உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும் அங்கம், மெதடிஸ்ட், சீர்திருத்த சபைகளின் உலக அமைப்புகளிலும் அங்கம். மணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு உறவு அற்றுப்போவதில்லை என்று உங்கள் வாலிபர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரில் வேலை செய்யும் என் மகன் அங்கே ஒரு சுயாதீன சபைக்குச் செல்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, 'குருவானவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார், நீங்களும் புத்தகத்தைப் பார்த்துப் பதில் வாசிக்கிறீர்கள், இதில் உயிர் எங்கே இருக்கிறது?' என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தங்கள் மகனின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சபையாகச் சேர்ந்து விசுவாசத்தை அறிக்கையிடும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல ஒப்பிக்கும் சபைகளில் நானும் நின்றிருக்கிறேன். பாவ அறிக்கைக்கு முன் விடவேண்டிய மௌனத்தை, ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று சபையார் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயத்திலேயே பல குருவானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இவை புத்தகத்தின் குற்றங்கள் அல்ல.

1549-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை அத்தியட்சர் கிரான்மர் முதல் ஜெபப் புத்தகத்தை வெளியிட்டதற்கு முன், இங்கிலாந்தின் பாமர மக்கள் தங்களுக்கு விளங்காத லத்தீன் ஆராதனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, அதில் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. சொந்த மொழியில் ஒரே புத்தகம், குருவானவர் சொல்வது இன்னது, சபை சொல்வது இன்னது என்று அதில் அச்சிட்டிருப்பதுதான் மக்களுக்குக் கிடைத்த உரிமை. அந்த வரி அச்சில் இருக்கும்வரை எந்தப் போதகரும் அதைத் தம் வாயில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் மட்டுமே மேடையில் நின்று மணிக்கணக்காக ஜெபிக்க, மற்றவர்கள் 'ஆமென்' சொல்வதைவிட இதில் சபைக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். மேலும், எழுதாத ஜெபத்துக்கும் அச்சு உண்டு. எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஐம்பது ஆண்டுகளாக 'இம்மட்டும் காத்துவந்த தேவனே' என்று தொடங்கி, அதே ஏழெட்டு வாக்கியங்களைச் சுற்றி வந்துதான் முடிப்பார். அதை யாரும் உயிரற்ற ஜெபம் என்று சொன்னதில்லை.

அந்தப் பழைய புத்தகத்தில் உள்ள லித்தானியா என்ற தொடர் மன்றாட்டைத் தங்கள் மகனை ஒருமுறை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். தரை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பயணம் செய்கிறவர்கள், பிரசவ வேதனைப்படும் பெண்கள், நோயாளிகள், சிறு பிள்ளைகள், சிறைப்பட்டவர்கள், தகப்பனற்ற பிள்ளைகள், விதவைகள் எனச் சபை ஒவ்வொருவருக்காகவும் கேட்டுக்கொண்டே போகும். நாமாக ஜெபிக்க உட்கார்ந்தால் மகளின் தேர்வு, மருமகனின் விசா, நிலத்து வழக்கு ஆகியவற்றைத் தாண்டுவது கடினம். ஜெயிலில் இருப்பவனின் நினைவு நமக்கு எளிதில் வராது. எழுதி வைத்த ஜெபம் அவனை நம் வாயில் வைக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும்: எந்த ஆராதனை முறைமையையும் சபைகள்மேல் கட்டாயமாகச் சுமத்துவதில்லை என்பது 1947-இலேயே ஏற்கப்பட்ட கொள்கை. தங்கள் மகன் ஊருக்கு வரும் ஞாயிறன்று மன்றாட்டு வேளையில் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க அவனை அழைக்கும்படி குருவானவரைக் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: கமிட்டித் தேர்தலுக்குப் பின் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்தில்) இரண்டு குடும்பங்கள் முகம் பார்ப்பதில்லை. ஒருவர் தெற்கு வாசலில் வந்தால் மற்றவர் வடக்கு வாசலில் வருகிறார். ஆனால் இருவருமே நற்கருணை எடுக்கிறார்கள். இது தகுமா?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: தகாது. 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் நற்கருணை முறைமைக்கு முன்னாலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பகையும் வெறுப்பும் உள்ளவர்கள் என்று தெரிந்தால், அவர்கள் ஒப்புரவாகும்வரை குருவானவர் அவர்களை நற்கருணைப் பந்தியில் சேர்க்கக்கூடாது. ஒருவர் மனதார மன்னிக்க ஆயத்தமாயிருந்து மற்றவர் பிடிவாதமாயிருந்தால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்தவேண்டும். பந்திக்கு வர விரும்புவோர் முந்தின நாளாவது குருவானவரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அந்த ஒரு நாள் அவகாசத்தில் அவர் இரண்டு வீட்டுக்கும் போய்வரலாம். நற்கருணைக்கு மனதை ஆயத்தப்படுத்தும் சனிக்கிழமை ஆயத்த ஆராதனையை நாம் நழுவவிட்ட இடங்களில் இந்த அவகாசமும் சேர்ந்து போய்விட்டது.

நம் திருச்சபையின் நற்கருணை முறைமையில் சமாதானம் வழங்கும் பகுதி கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து வந்தது. திருமேசையிலிருந்து புறப்படும் சமாதானத்தை, பக்கத்தில் நிற்பவரின் வலக்கையை நம் இரு உள்ளங்கைகளுக்குள் வைத்து, அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு எனக் கடைசி வரிசைவரை கடத்தவேண்டும். இப்போது பல இடங்களில் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டு முடித்துக்கொள்கிறோம்; சண்டைக்காரர்களுக்கு இது மிகவும் வசதி. கையோடு கை கொடுக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவரும்படி தங்கள் குருவானவரிடம் கேளுங்கள். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை அவரோடு தாங்களும் அந்த இரண்டு வீடுகளுக்கும் போய்வாருங்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதில் இன்னொரு சண்டை வராதபடி அவரே முடிவு செய்யட்டும்.