ரயில் கேள்வி பதில்: லாஸ் ஏஞ்சலஸின் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்

சென்ற இதழில் லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில், கயிறு இழுத்து மலைச்சரிவில் ஏறி இறங்கும் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் என்ற குட்டி ரயிலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் சரியாகப் போய்விட்டது.

கேள்வி: அடுத்த மாதம் பாசடீனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். நீங்கள் எழுதிய ரயில் ஒரு நிமிடம்தான் ஓடுமாம். அதற்காக டவுன்டவுன் வரை போக வேண்டுமா என்று மருமகன் கேட்கிறார். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா, மருமகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். மொத்தப் பாதையே 298 அடிதான். ஆனால் 3 அடி நகர்ந்தால் 1 அடி ஏறும் சரிவு அது. ஹில் தெருவில் ஆரஞ்சு நிற வளைவுக்குள் நுழைந்து பெட்டியில் உட்கார்கிறீர்கள். உள்ளே இருக்கைகள் படிப்படியாக மேலே போகும்; மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். கயிறு இழுக்கத் தொடங்கியதும் மரப்பெட்டி முனகுவது நன்றாகக் கேட்கும். பழைய மரப்பெட்டிகளோடு வேலை பார்த்த எனக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும். மேலே இறங்கினால் பங்கர் ஹில். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள்.

பாசடீனாவிலிருந்து கார் வேண்டாம். மெட்ரோவின் ஏ லைனில் ஏறி ஹிஸ்டாரிக் பிராட்வே நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். நானும் மகன் வீட்டிலிருந்து அப்படித்தான் போய் வருகிறேன். மெட்ரோவுக்கு வாங்கும் டாப் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் 2017-இல் மறுபடி திறந்தபோது ஒரு தடவைக்கு 1 டாலர், டாப் கார்டு வைத்திருந்தால் 50 சென்ட் என்று கட்டணம் வைத்தார்கள். ஏறினாலும் இறங்கினாலும் காசு வாங்குவது மேல் நிலையத்தில்தான். கீழே கவுன்ட்டரைத் தேடி நிற்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் அது நம் பழனி விஞ்ச் போலத்தானே? அதற்கு எதற்கு அமெரிக்கா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வகை ஒன்றுதான். பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது. மேலே இருக்கும் மோட்டார் கயிறு போட்டு இழுக்கும். ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்டில் பெட்டிகள் இரண்டு. ஒன்றின் பெயர் சீனாய், மற்றது ஒலிவெட். இரண்டும் பைபிளில் வரும் மலைகள். இரண்டு வாளி கட்டிய கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி இறங்கும் பாரம் மற்றதை ஏற்றிவிடுகிறது. மோட்டார் தூக்க வேண்டியது இரண்டு பக்கத்துக்கும் உள்ள எடை வித்தியாசத்தை மட்டும்தான். நடுவழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம், சிம்லா ரயிலின் அதே அளவு.

பழனியில் சுவாமி பார்க்கப் போகிறோம். இங்கே மேலே குடியிருந்தவர்கள் கீழே கடைக்கும் வேலைக்கும் போய்வர ஓடிய ரயில் இது. எனக்கு இதன்மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

கேள்வி: இந்த ரயில் முதலில் வேறு இடத்தில் இருந்ததாமே? ஏன் மாற்றினார்கள்? (வாசகர், காரைக்குடி)

பதில்: அரைத் தெரு தூரம்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் 27 ஆண்டுகள் ஓடவே இல்லை.

கர்னல் ஜேம்ஸ் வார்டு எடி என்பவர் 1901 டிசம்பர் 31 அன்று இதைத் திறந்தார். இடம் மூன்றாவது தெரு, அங்குள்ள சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில். கட்டணம் 1 சென்ட். அப்போது பங்கர் ஹில் முழுக்கப் பணக்காரர்களின் பெரிய மரவீடுகள். கார் வந்த பிறகு அவர்கள் வேறு பக்கம் குடிபோக, அதே வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு வாடகைக்குப் போயின. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள், தனியாட்கள், கூலி வேலைக்காரர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். காய்கறிக்கும் இறைச்சிக்கும் கீழே கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட் இருந்தது. 1917-இல் திறந்த அந்த மார்க்கெட் இன்றும் ஹில் தெருவில் ரயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

1950-களின் கடைசியில், மலையையே துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று நகர நிர்வாகம் முடிவெடுத்தது. வீடுகள் இடிக்கப்பட்டன, மலை உச்சியைக்கூடச் சீவினார்கள். 1969 மே 18-இல் ரயிலும் நின்றது. கழற்றிய பாகங்கள் கிடங்கில் கிடந்து, 1996 பிப்ரவரி 24-இல் இப்போதைய இடத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. ரயிலைக் காப்பாற்றியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அதில் பையோடு ஏறி வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்த மலையில் யாரும் இடம் வைக்கவில்லை. உச்சியில் நின்று கட்டடங்களைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விபத்து நடந்து ஆள் இறந்ததாகப் படித்தேன். குழந்தைகளோடு தைரியமாக ஏறலாமா? (வாசகி, சேலம்)

பதில்: வந்த கடிதங்களில் முக்கியமானது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொன்மலைப் பணிமனையில் நான் பார்த்த வேலை பிரேக் வேலை.

2001 பிப்ரவரி 1. சீனாய் பெட்டி கிட்டத்தட்ட மேல் நிலையத்தைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து பின்னோக்கி உருண்டு வந்து கீழே இருந்த ஒலிவெட்டில் மோதியது. ஒரு முதியவர் இறந்தார், 7 பேர் காயமடைந்தார்கள்.

கயிறு அறுந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கயிறு அறுபடவில்லை. 1996-இல் திரும்ப அமைத்தபோது பழைய முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கயிறு, அந்தக் கயிற்றைச் சுற்றத் தனி உருளை என்று வைத்தார்கள். உருளைகளை மோட்டாரோடு இணைத்தவை பற்சக்கரங்கள். சீனாய் பக்கத்தில் அந்த இணைப்பின் பற்கள் தேய்ந்து வழுக்கிவிட்டன. வழக்கமான பிரேக் இருந்ததோ மோட்டார் பக்கத்தில். இணைப்பு போனதும் அந்த பிரேக்குக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. உருளையைப் பிடிக்க வேண்டிய அவசர பிரேக்கும் வேலை செய்யவில்லை. தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பெட்டியில் இல்லை, பாதுகாப்புக் கயிறும் இல்லை. 1901-இல் எடி கட்டிய ரயிலிலேயே பாதுகாப்புக்கு இரண்டாவது கயிறு இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

நம் ரயில்களில் ஓடும்போது பிரேக் குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கும். டிரைவரோ கார்டோ எதுவும் செய்ய வேண்டியதில்லை. எது அறுந்தாலும் பிரேக் பிடிக்கும் பக்கமாகவே போக வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மலையில் ஓடும் வண்டிக்கு அது இன்னும் பெரிய பாடம்.

2010 மார்ச்சில் மறுபடி திறந்தபோது இதைச் சரி செய்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் ஒரே இழுவைக் கயிறு, கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறு, ஒவ்வொரு பெட்டியிலும் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிரேக். சரி, முடிந்தது என்று பார்த்தால் 2013 செப்டம்பரில் ஒரு பெட்டி தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. விசாரிக்கப் போனவர்கள் கண்டது, பாதுகாப்பு அமைப்பை மீறி வண்டியை ஓட்டுவதற்காக ஒரு சிறு மரக்கிளையை வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்ததை. எத்தனை பிரேக் வைத்தாலும், அது குறுக்கே வருகிறதே என்று யாரோ ஒருவர் குச்சியைத் தேடினால் கதை அங்கேயே கந்தலாகிவிடும். மெனக்கெட்டுச் செய்த வேலை எல்லாம் அந்த ஒரு குச்சியில் போகிறதே என்பதுதான் என் கோபம்.

அதன் பிறகு 4 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2017 ஆகஸ்ட் 31-இல் திறந்தது. இப்போது பாதை ஓரமாக, வண்டி நடுவில் நின்றுவிட்டால் இறங்கி நடந்து போக ஒரு நடைமேடை இருக்கிறது. போகும்போது அதை நீங்களே பாருங்கள். எனக்கு அந்தப் பழைய ஆரஞ்சு வண்ணத்தைவிட அந்த நடைமேடைதான் அழகு. குழந்தைகளோடு ஏறலாம் அம்மா. என் பேத்தியை நான் ஏற்றிப் போகிறேன்.

கேள்வி: ஏறுவது நல்லதா, இறங்குவது நல்லதா? பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கீழிருந்து ஏறுங்கள், கீழ்ப்பக்க இருக்கையில் உட்காருங்கள். ஹில் தெரு கீழே இறங்கிப் போவது நன்றாகத் தெரியும். நடுவழியில் எதிர்ப்பெட்டி பக்கத்தில் வரும்போது குழந்தைகள் கை காட்டினால் அங்கிருந்தும் கை காட்டுவார்கள்.

மேலே கிராண்ட் அவென்யூவில் டிஸ்னி இசை அரங்கமும் பிராட் அருங்காட்சியகமும் நடக்கும் தூரம். திரும்பிக் கீழே வந்து மார்க்கெட்டில் சாப்பிடலாம்; காரம் வேண்டுமென்றால் மெக்சிகோ கடைகளில் கேளுங்கள். சைவக்காரர்கள் பீன்ஸை எதில் சமைத்தார்கள் என்று விசாரித்துவிடுவது நல்லது, சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். மார்க்கெட்டின் பிராட்வே வாசல் வழியாக வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் 1893-இல் கட்டிய பிராட்பரி கட்டடம். உள்ளே போய் அந்த இரும்பு வேலைப்பாட்டையும் பழைய கூண்டு லிஃப்டையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.