மூக்கை விடுங்கள், அந்த மூன்று மணி இருமலைப் பார்ப்போம்

கேள்வி: மழைக்காலம் முடிந்து தை, மாசி வந்தாலே அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது. மூளை நீர் இப்படித்தான் கசியும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. (வாசகி, தேவகோட்டை)

பதில்: மூளை நீர் இல்லை அம்மா. அது கசிந்தால் பெரும்பாலும் ஒரு துளையில்தான் வரும், குனிந்தால் சொட்டும். தலையில் அடிபட்டவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, வருஷா வருஷம் அதே மாதத்தில் வருகிறது. இது மகரந்த ஒவ்வாமை. மழைக்குப் பின் பூக்கும் புல்லும், கண்மாய்க்கரை சீமைக்கருவேலமும் போதும் இதற்கு. அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "விடியற்காலை மூன்று மணிக்கு இருமி எழுந்து உட்கார்கிறேன், நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம்." இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதை. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே இருக்கும், இரவிலும் விடியலிலும்தான் அது முகம் காட்டும். இந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் ஊதிப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் மூக்கடைப்புக்கு விடும் அந்தச் சொட்டு மருந்து. மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு மாதமாக விடுகிறீர்களாம்! அதில் இருக்கும் சைலோமெட்டாசோலினை நாலைந்து நாளைக்கு மேல் விடக் கூடாது. அதற்கு மேலும் விட்டுக்கொண்டே இருந்தால் மருந்தே மூக்கை அடைக்கும், மறுபடி விடத் தோன்றும். உங்கள் மூக்கடைப்பில் பாதிக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிறுத்துங்கள். சில நாள் அடைப்பு கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தினமும் அடியுங்கள். ஸ்டீராய்டு என்ற பேருக்குப் பயப்பட வேண்டாம், மூக்கைத் தாண்டி உடம்புக்குள் போவது மிகக் குறைவு. தலையை லேசாகக் குனிந்து, குழலின் முனையை மூக்கின் நடுத்தண்டுப் பக்கம் திருப்பாமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கி வைத்து அடியுங்கள். உறிஞ்சி இழுக்க வேண்டாம், தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாகும். அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடலாம்.

கல்யாணத்துக்காகப் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து, வளவு முழுக்க நீங்களே தூசி தட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இனி அந்த வேலை வேறு யாராவது செய்யட்டும். துடைப்பத்தால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தூசி அடங்கி, இரண்டு நாள் கதவு ஜன்னலைத் திறந்து வைத்த பிறகு நீங்கள் உள்ளே போகலாம்.